ஆவாரை போய்ச் சீமைக் கருவேல் வந்த நிலம்

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி நோக்கிப் பாலாற்றை ஒட்டிச் செல்லும் சாலையில் போகிறவர்கள் இரண்டு விதமான காட்சிகளை மாறி மாறிக் காண்பார்கள். ஓரிடத்தில் தென்னந்தோப்பும் நெல் வயலும் இருக்கும். சிறிது தூரம் போனால், பழைய வரப்பின் தடம் மட்டும் தெரிய, சீமைக் கருவேல் மண்டிய நிலம் இருக்கும். நடுநடுவே செடியே இல்லாத வெளுத்த திட்டுகள். ஒரு மூலையில் கூரை இழந்த பழைய தோல் ஷாப்பின் சுவர். கிணறு உண்டு, கிணற்றில் தண்ணீரும் உண்டு. ஆனால் அந்தத் தண்ணீரை நம்பிப் பயிர் வைப்பார் இல்லை.

இப்படிப்பட்ட நிலத்தைத் "தரிசு" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் அதில் தானாக முளைத்திருக்கும் செடிகளைக் கவனித்துப் பார்த்தால் மண்ணின் குணத்தை ஓரளவு கண்டுகொள்ளலாம். எந்தப் பகுதி இன்னும் மீளக்கூடியது, எதைத் தொடாமல் விடுவது நல்லது, மாட்டை எங்கே விடக்கூடாது என்பதையெல்லாம் அறிய, செலவில்லாத முதல் வழி இதுவே.

தொழிலைக் கொடுத்த செடி

இந்தப் பகுதிக்குத் தோல் தொழில் வந்ததில் ஒரு காட்டுச் செடிக்குப் பெரிய பங்கு உண்டு. அது ஆவாரை. சரளை நிலத்திலும் மலையடிவாரத்திலும் யாரும் விதைக்காமல் வளர்ந்த இச்செடியின் பட்டையில் சுமார் 18 சதவீதம் துவர்ப்புச் சத்து இருக்கிறது. தோலைக் கெடாமல் பதனிடுவது இந்தத் துவர்ப்புச் சத்துதான். ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காயும், புதர்க்காடுகளிலிருந்து ஆவாரம்பட்டையும், கொன்றைப் பட்டையும் தோல் ஷாப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கிளையை வெட்டிப் பட்டையை உரித்த பிறகும் ஆவாரை அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மானாவாரி விவசாயிக்கும் நிலமில்லாத கூலிக்காரருக்கும் வேலை இல்லாத மாதங்களில் அது ஒரு வருமானமாக இருந்தது.

பிறகு வாட்டில் மரப்பட்டை வந்தது. அதில் துவர்ப்புச் சத்து ஆவாரையைவிட அதிகம். தென்னாப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி ஆனது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அம்மரம் வளர்க்கப்பட்டது. ஆவாரம்பட்டைக்கு மவுசு குறைந்தது. 1970-களில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. அதற்குப் பின் குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறை இந்த வட்டாரமெங்கும் பரவியது. மரப்பட்டையில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல் குரோமியத்தில் ஒரே நாளில் தயாராகிவிடும். வியாபாரம் பெருகியது, பட்டை ஏற்றிய வண்டிகள் நின்றுபோயின. ஈரோடு, திண்டுக்கல் போன்ற ஊர்களில் மரப்பட்டைப் பதனீடு ஓரளவு நீடித்தது.

இன்று பொங்கல் காப்புக் கட்டுவதற்கு ஆவாரம்பூவையும் சிறுபீளையையும் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் ஏராளம். வண்டி வண்டியாகப் பட்டை ஏற்றிய வட்டாரத்திலும் இதுதான் நிலை.

மண்ணுக்குள் போனது என்ன?

தோல் கழிவு என்றதும் எல்லோரும் குரோமியத்தைத்தான் சொல்கிறார்கள். அது சரியே. ஆனால் பயிரை முதலில் கொன்றது குரோமியம் அல்ல, உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க நூறு கிலோவுக்கு நாற்பது கிலோ வரை சாதாரண உப்புப் போட்டு வைப்பார்கள். பதனிடும் முன் அந்த உப்பைக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் கால்வாய்க்கும் ஏரிக்கும் ஆற்றுக்கும் போனது. மரப்பட்டையால் பதனிட்ட காலத்திலும் இந்த உப்பு உண்டு. குரோமியம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

இதன் விளைவு நீதிமன்றம் வரை சென்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி தீர்ப்பளித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம், அதாவது 86 ஆயிரம் ஏக்கர், பாதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிருந்தது என்பது அக்கணக்கு. தீர்ப்புப்படி அமைந்த ஆணையம் 2001-இல் சுமார் 29 ஆயிரம் பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. தலைக்கு வகுத்தால் ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரும். ஒரு கிணறு வெட்டும் செலவுக்குக்கூட அது போதாது. விடுபட்டவர்களுக்கும் இழப்பீடு தரவேண்டும், நிலத்தையும் ஆற்றையும் மீட்கவேண்டும் என்று 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. சிறிய தோல் ஷாப்புகள் பல மூடப்பட்டன. ராணிப்பேட்டையில் 1970-களின் நடுவில் தொடங்கிய குரோமேட் ரசாயனத் தொழிற்சாலையும் 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை நின்றாலும் அது விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு மேடாக நின்றது. மேலே மழை பெய்தால் அடியிலிருந்து மஞ்சள் நீர் கசியும். அந்த மஞ்சள் நிறம் ஆறு இணைதிறன் குரோமியத்தின் அடையாளம். குரோமியத்தின் இரண்டு வடிவங்களில் இதுவே தண்ணீரில் கரைந்து ஓடக்கூடியது. மனிதருக்கும் கால்நடைக்கும் மிகக் கெடுதலானதும் இதுவே. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், எளிதில் நகராது. ஆகவே தோல் ஷாப்புத் தண்ணீர் பாய்ந்த வயலையும் ரசாயன ஆலைக் கழிவு கசிந்த நிலத்தையும் ஒன்றாக எண்ணக்கூடாது. முன்னதை விவசாயி தம் முயற்சியால் ஓரளவு மீட்கலாம். பின்னதில் விவசாயி கை வைக்கக் கூடாது. அது அரசு செய்யவேண்டிய வேலை.

செடிகளைப் படிப்பது எப்படி?

ஒரே ஒரு செடியை வைத்து முடிவு கட்டுவது தவறு. எருக்கு இருக்கிறது, ஆகவே உப்பு என்று சிலர் சொல்லிவிடுவார்கள். எருக்கு வறண்ட நிலம், மாடு மேய்ந்து கெட்ட நிலம், சாலையோரம் எல்லாவற்றிலும் வரும். அது கால்நடை தின்னாததால் எஞ்சி நிற்கிறது, அவ்வளவுதான். எந்தெந்தச் செடிகள் சேர்ந்து வருகின்றன, எவை வராமல் போயின என்று இரண்டையும் பார்க்கவேண்டும்.

பார்ப்பதற்கு ஏற்ற காலம் முதல் நல்ல மழை பெய்து மூன்று, நான்கு வாரம் கழித்து. அப்போது விதை கிடக்கும் இடமெல்லாம் முளைத்திருக்கும். தும்பை, குப்பைமேனி, கீழாநெல்லி போன்ற மென்மையான களைகள் அடர்த்தியாக வந்திருந்தால் மேல்மண் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது என்று கொள்ளலாம். இவை கடும் உப்பைத் தாங்குவதில்லை. களை என்று திட்டிக்கொண்டே பிடுங்கும் செடிகள் இங்கே நல்ல செய்தி சொல்கின்றன.

அடுத்தது அருகம்புல். அருகு ஓரளவு உப்பையும் களரையும் தாங்கும். தும்பையும் கீழாநெல்லியும் வராமல் அருகு மட்டும் பச்சையாகப் படர்ந்திருக்கும் பகுதி நடுத்தரமாகக் கெட்ட பகுதி. சிறு விவசாயியின் முயற்சிக்கு அதிகப் பலன் தரக்கூடியது இப்பகுதிதான். அருகும் ஏறாமல் ஓரத்திலேயே நின்றுவிட்ட வெளுத்த திட்டுகள் மூன்றாம் வகை. கோடையில் அதன் மேல் வெள்ளை பூத்திருந்தால் உவர். வெள்ளைக்குப் பதில் கறுத்த பிசுக்கு மாதிரி படிந்து, மழைக்குப் பின் தண்ணீர் பல நாள் கலங்கலாகவே தேங்கி நின்றால் களர். இங்கே பல இடங்களில் இரண்டும் கலந்தே இருக்கும்.

சம்பு, கோரை, நெய்வேலிக் காட்டாமணக்கு, ஆகாயத் தாமரை ஆகியவை வேறொரு செய்தி சொல்கின்றன. அந்த இடத்தில் தண்ணீர் வடியவில்லை. கழிவோ சாக்கடையோ எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. மழையில்லாத சித்திரையிலும் சம்பு பச்சையாக நிற்கும் பள்ளம் இருந்தால், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மேலே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். நிலத்தைச் சீர்திருத்தச் செலவு செய்வதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது.

சீமைக் கருவேல் எல்லா இடத்திலும் இருப்பதால் அதை வைத்து மண்ணைப் பிரித்துச் சொல்ல முடியாது. இது காமராஜர் காலத்தில் வந்தது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் 1877-லேயே ஜமைக்காவிலிருந்து விதை வந்து, அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் நடப்பட்டது. இதன் காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை பரவுகிறது. விளைநிலத்தில் இது பகைதான். ஆனால் உப்பு நிலத்தில் இதை வெறும் பகையாக மட்டும் பார்ப்பது சரியல்ல. ஹரியாணாவில் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம் கடும் களர் நிலத்தில் இம்மரத்தை வளர்த்துப் பார்த்தது. சில ஆண்டுகளில் மரத்தடி மண்ணில் காரத்தன்மை குறைந்து, மக்குச் சத்துக் கூடியிருந்தது. பழைய சீமைக் கருவேல் மரத்தின் நிழல் விழுந்த இடத்து மேல்மண் பக்கத்துத் திட்டைவிட நயமாக இருப்பதை மண்வெட்டி போட்டுப் பார்த்தே அறியலாம்.

ஆற்றங்கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நந்திமலைப் பகுதியில் பிறந்து, கர்நாடகம், ஆந்திரம் கடந்து தமிழ்நாட்டில் சுமார் 222 கிலோமீட்டர் ஓடும் பாலாற்றின் கரையில் நீர்மருது, புங்கன், நொச்சி, நாணல் ஆகியவை இயற்கையாக நின்றவை. மணல் இருந்தவரை மணலுக்கடியில் தண்ணீரும் இருந்தது. அந்த மரங்களும் இருந்தன. மணல் போன இடத்தில் கரையும் வெளுத்துப் போயிற்று. 2021 நவம்பரில் பல ஆண்டுகளுக்குப் பின் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. அப்படிப்பட்ட வெள்ளம்தான் கரையோர மண்ணிலும் கிணற்றிலும் உப்பைக் கரைத்து மெலிதாக்கும். வருடா வருடம் அதை எதிர்பார்க்க முடியாது.

கட்டியைத் தண்ணீரில் போட்டுச் சோதித்தல்

செடி சொன்னதைச் சரிபார்க்க வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மூன்று கண்ணாடி டம்ளர்களில் மழைநீரை ஊற்றவும். கிணற்று நீர் கூடாது. அதிலுள்ள உப்பு சோதனையைக் கெடுத்துவிடும். தும்பை வந்த இடம், அருகு வந்த இடம், வெறுந்திட்டு ஆகிய மூன்றிலிருந்தும் நன்கு காய்ந்த, கொட்டைப்பாக்கு அளவு மண் கட்டி ஒன்றை எடுத்து, டம்ளருக்கு ஒன்றாக மெதுவாக இறக்கவும். குலுக்கக்கூடாது. சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், நல்ல மண் உதிர்ந்து அடியில் குவிந்திருக்கும். தண்ணீர் தெளிவாக இருக்கும். களர் மண் கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் கலங்கல் பரவும். சோடியம் ஏறிய களிமண் தூள் தூளாகப் பிரிந்து மிதப்பதே காரணம். வயலில் மழை பெய்ததும் இதே தூள்தான் மண்ணின் துளைகளை அடைத்து, வேருக்குக் காற்றும் நீரும் போகவிடாமல் செய்கிறது.

பிறகு மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும். நல்ல இடத்து மண்ணையும் கெட்ட இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால் வரும் முடிவு இரண்டுக்கும் பயன்படாது. மூன்று பகுதிக்கும் மூன்று பை. ஒவ்வொன்றிலும் பத்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் அரையடி ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து சுரண்டிச் சேர்த்து, அரைக் கிலோவாகக் குறைத்து அனுப்பவும். கிணற்று நீரையும் அனுப்பவேண்டும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு ஒரு லிட்டர் பிடித்தால் போதும். மண்ணின் மின்கடத்தும் திறன் 1-க்குக் கீழே என்று வந்தால் பயமில்லை. 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. வழக்கமான மண் பரிசோதனையில் குரோமியம் பார்ப்பதில்லை. கழிவுநீர் பாய்ந்த நிலம் என்று சொல்லி, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். எங்கே அனுப்புவது என்பதற்கு விரிஞ்சிபுரம் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

உப்பைச் செடி உறிஞ்சிவிடுமா?

செடிகளை வளர்த்தே நிலத்தின் உப்பையும் குரோமியத்தையும் எடுத்துவிடலாம் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. விவசாயிகள் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டு உப்பு நிலத்தில் உமரிச் செடியை வளர்த்துச் செய்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. நான்கு மாதத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து 504 கிலோ உப்பை உமரி எடுத்துக்கொள்ளும் என்று அதில் மதிப்பிட்டார்கள். ஏக்கருக்குச் சுமார் 200 கிலோ, அதாவது நான்கு மூட்டை. நல்ல அளவுதான்.

இப்போது கிணற்றுப் பக்கம் திரும்பலாம். ஒரு விவசாயியின் கிணற்று நீரில் லிட்டருக்கு 3 கிராம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நீர் நிற்க ஒரு லட்சத்து மூவாயிரம் லிட்டர் வேண்டும். இரண்டு அங்குலம் பாய்ச்சினால் இரண்டு லட்சத்துக்கு மேல். அந்த ஒரே பாய்ச்சலில் நிலத்துக்குள் போகும் உப்பு சுமார் 600 கிலோ, பன்னிரண்டு மூட்டை. உமரி ஓராண்டு முழுக்க, மூன்று போகமாக வளர்ந்து எடுப்பதை மோட்டார் ஒரே நாளில் திரும்பக் கொட்டிவிடுகிறது. ஆகவே உப்புத் தண்ணீரை நிறுத்தாமல் எந்தச் செடியை நட்டும் பயனில்லை. உமரியை வளர்த்தாலும் அறுத்து வெளியே அப்புறப்படுத்த வேண்டும். அங்கேயே மக்கவிட்டால் உப்பும் அங்கேயே தங்கும்.

குரோமியம் இன்னும் கடினம். பெரும்பாலான செடிகள் அதை வேரிலேயே நிறுத்திக்கொள்கின்றன. தண்டுக்கும் இலைக்கும் கொஞ்சமே ஏறுகிறது. எனவே மேலே அறுத்து எடுப்பதால் மண்ணிலிருந்து அதிகம் வெளியேறாது. வேறொரு நன்மை உண்டு. செடி மூடிய நிலத்தில் புழுதி பறக்காது. தொழுவுரம், தழை, மக்கு ஆகியவை மண்ணில் கூடும்போது, நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம் மெல்ல மெல்ல நகராத மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாறும். செடியின் வேலை குரோமியத்தை வெளியேற்றுவது அல்ல, இருந்த இடத்தில் கட்டிப்போடுவது.

செய்யக்கூடாதவை

கழிவு ஓடை ஓரத்திலும் பழைய தோல் ஷாப்பு மனையிலும் மழைக்குப் பின் குப்பைக்கீரை, பொன்னாங்கண்ணி, சாரணை தழைத்து வரும். பார்க்க மிகவும் செழிப்பாக இருக்கும். பறிக்கக்கூடாது. இலைக்குள் ஏறியது கொஞ்சமாக இருந்தாலும் இலைமேல் ஒட்டிய மண் கழுவினாலும் முழுதாகப் போவதில்லை. குழந்தைகள் உண்ணும் வீட்டில் இதில் சலுகை காட்ட இடமில்லை. மருந்துக்காகக் கீழாநெல்லி பறிப்பவர்களும் இடம் பார்த்தே பறிக்க வேண்டும்.

ஆடுமாடுகளை இந்த ஓடைகளில் தண்ணீர் குடிக்க விடக்கூடாது. அங்குள்ள அருகை அறுத்துப் போடுவதும் வேண்டாம். தோல் துண்டு, சீவல் ஆகியவற்றை அடுப்பிலோ வெல்லக் கொப்பரை அடியிலோ எரிப்பது மிகத் தவறு. எரியும்போது கெடுதல் குறைந்த குரோமியமும் நச்சு வடிவத்துக்கு மாறிச் சாம்பலில் தங்கிவிடும். அந்தச் சாம்பல் எருக்குழிக்குப் போகும். எருக்குழியிலிருந்து வயலுக்குப் போகும். சுத்திகரிப்பு நிலையத்துக் கசடை இலவச எரு என்று யார் கொடுத்தாலும் வாங்கவேண்டாம்.

மீட்கக்கூடிய நிலத்தில்

அருகு நிற்கும் பகுதியிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். வெறுந்திட்டில் பணத்தைக் கொட்டுவது பிறகு. முதல் வேலை மழைநீரைப் பிடிப்பது. ஓரடி ஆழ மண்ணிலுள்ள உப்பில் பெரும்பகுதியைக் கழுவ, அதன் வழியாக ஓரடி நல்ல நீர் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மழையைத் தவிர அவ்வளவு நல்ல நீர் இப்பகுதியில் வேறு எங்கே கிடைக்கும்? வரப்பை ஓரடிக்கு மேல் உயர்த்தி, வயலைச் சிறு பாத்திகளாகச் சமன் செய்து, பள்ளத்துப் பக்கம் வடிகால் வெட்ட வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் கரைந்த உப்பு வெயிலோடு மேலே வந்துவிடும்.

கட்டிச் சோதனையில் பால்போல் கலங்கிய மண்ணுக்கு மழை மட்டும் போதாது. மழை உப்பைக் கழுவியதும் களர் இன்னும் இறுகும். அதற்கு ஜிப்சம் தேவை. மழைக்குச் சற்று முன் தூவி மேலாகக் கலந்துவிட வேண்டும். அளவைப் பரிசோதனை நிலையம் சொல்லும். பக்கத்து வயல்காரர் போட்டார் என்று போடவேண்டாம். பின்னர் தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். நெல் வைக்க எண்ணுகிறவர்கள் திருச்சியில் உருவான டி.ஆர்.ஒய். ரகங்களைக் கேட்டு வாங்கலாம். குரோமியம் அதிகம் என்று முடிவு வந்த நிலத்தில் உணவுப் பயிரே வேண்டாம். சவுக்கு, புங்கன், வேம்பு என்று மரப்பயிருக்குப் போய்விடுவது மேல்.

சீமைக் கருவேலை ஒரே கோடையில் எந்திரம் வைத்து மொத்தமாகப் பெயர்ப்பது பல இடங்களில் நடக்கிறது. உப்பு நிலத்தில் இது அவசரம். நிழல் போனால் வெயில் மண்ணைச் சுட்டு உப்பை மேலே இழுக்கும். மரத்தடியில் சேர்ந்த நல்ல மேல்மண்ணும் அடியில் புதைந்துபோகும். பட்டை பட்டையாக எடுப்பதே நல்லது. முதல் ஆண்டு ஒரு பகுதி. அதில் வேறு செடி பிடித்த பின் அடுத்தது. மேலே வெட்டினால் துளிர்க்கும் என்பதால் ஓரடி ஆழம் தோண்டி வேர்க் கழுத்துக்குக் கீழே வெட்ட வேண்டும். காய் முற்றும் முன் எடுத்தால் விதை விழாது.

வரப்பிலும் ஓரத்திலும் வைக்க ஆவாரையைவிடப் பொருத்தமான செடி இல்லை. வறட்சி தாங்கும், ஓரளவு களரும் தாங்கும், ஆடு பெரும்பாலும் கடிப்பதில்லை. இதன் தழையை நெல் வயலில் மிதிப்பது பழைய வழக்கம். களர் நிலத்துக்கு இத்தழை ஏற்றது. அவரைக் குடும்பத்துச் செடியாக இருந்தாலும் தக்கைப்பூண்டைப்போல் இதற்கு வேர் முடிச்சு இல்லை. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தராது. ஆகவே இரண்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. பூ விற்பனைக்கு ஆகும். தேனீயும் மஞ்சள் பட்டாம்பூச்சிகளும் தேடி வரும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் வைக்கவேண்டாம்; அழுகிவிடும்.

விதையை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மலையடிவாரத்திலோ சாலை ஓரத்திலோ பழுப்பாகக் காய்ந்த நெற்றுகளைப் பறித்து வெயிலில் இரண்டு நாள் போட்டால் விதை பிரியும். தோல் கடினமானது, அப்படியே போட்டால் முளைப்பு சிதறும். ஒரு பிடி ஆற்று மணலோடு கோணிப்பையில் போட்டுத் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, அடிக்குமேல் மூன்றடி இடைவெளியில் குழிக்கு மூன்று விதையாக ஆடிக்கும் புரட்டாசிக்கும் இடையில் ஊன்றலாம். முதல் கோடை தாண்டும்வரை ஆட்டைவிட மனிதக் கால்தான் அதற்கு எதிரி. நடைவழி வரப்பில் ஊன்ற வேண்டாம். இரண்டாம் ஆண்டு மழைக்குப் பின் அரையடி விட்டுக் கவாத்துச் செய்து தழையை எடுக்கலாம். அதே வாரத்தில் அந்த மூன்று இடங்களிலும் மறுபடி மண் கட்டி எடுத்து மழைநீர் டம்ளரில் போட்டு, அருகு எத்தனை அடி நகர்ந்திருக்கிறது என்பதையும் ஒரு குச்சி நட்டு அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.